‘சீ வால்’: துக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பேசும் ஓர் ஆண் – நிகழ்வு ஆய்வு

மேடையில் ஒரே ஒருவர் நின்று தம் இழப்பைச் சொல்லும் நாடகங்களுக்கு இன்று தனிச் சந்தையே உருவாகியிருக்கிறது. அவற்றில் ஆண் பாத்திரத்தை மையமாகக் கொண்டவை பெரும்பாலும் ஒரே வாக்குறுதியோடு வருகின்றன: வாய் திறக்காத ஆண் வாய் திறக்கிறான், திறந்ததால் அவன் மனம் ஆறுகிறது, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து ஆறுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்த வாக்குறுதி எந்த அளவுக்கு மெய்யானது என்று பார்ப்பதற்கு, அதைக் கொடுக்கவே மறுக்கும் ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்வதுதான் பயன் தரும் என்று கருதி, சைமன் ஸ்டீபன்ஸ் எழுதிய ‘சீ வால்’ என்ற ஓராள் நாடகத்தை இந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தேன். 2008ஆம் ஆண்டு லண்டன் புஷ் தியேட்டரில், ஜார்ஜ் பெரின் இயக்கத்தில், ஆண்ட்ரூ ஸ்காட் நடிக்க அரங்கேறிய இந்நாடகம் சுமார் அரை மணி நேரமே ஓடுகிறது. முடிச்சை மறைத்து வைத்துக்கொண்டு இதை ஆராய முடியாது என்பதால், கதையை முழுவதுமாகவே சொல்லிவிடுகிறேன்.

கதை

அலெக்ஸ் ஒரு புகைப்படக் கலைஞன். மனைவி ஹெலன், சிறுமியான மகள் லூசி ஆகியோருடன், பிரான்சின் தென்கடற்கரையில் வசிக்கும் மாமனார் ஆர்தரின் வீட்டுக்கு விடுமுறையில் போய் வருகிறான். ஆர்தர் இராணுவத்தில் இருந்தவர், இறைநம்பிக்கை உள்ளவர். மருமகனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருவரும் கடவுளைப் பற்றி வாதிடுகிறார்கள், கடலில் மூழ்கி நீந்துகிறார்கள். அப்படி நீருக்கடியில் போன ஒரு சமயத்தில்தான், கடலின் தரை என்று தான் நம்பியிருந்தது ஓரிடத்தில் சட்டென்று அறுந்து, நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குவதை அலெக்ஸ் காண்கிறான். நாடகத்தின் பெயர் அந்தக் கடலடிச் சுவரைக் குறிக்கிறது. பிறகு, அவன் கடலில் நீந்திக்கொண்டிருக்கும் ஒரு நாளில், லூசி உயரத்திலிருந்து தவறி விழுந்து இறந்துபோகிறாள். நாடகத்தில் நடப்பவை இவ்வளவுதான். இவற்றையெல்லாம் அலெக்ஸ் நம்மிடம் நேரடியாகச் சொல்கிறான். வேறு பாத்திரம் எதுவும் மேடைக்கு வருவதில்லை.

பழுதான விளக்குகள்

நாடகத்தின் எளிமையைப் பலர் அழகியல் முடிவாகப் புகழ்வதுண்டு. அதன் தொடக்கம் ஒரு விபத்து. அப்போது ஒரு மதுக்கூடத்தின் மாடியில் இயங்கிவந்த சிறிய அரங்கான புஷ் தியேட்டரில் கூரை ஒழுகி, மேடை விளக்குகளைப் பயன்படுத்த முடியாமல் போனது. அரங்கை மூடிவிடாமல், மேடை விளக்கே தேவைப்படாத குறுநாடகங்களைக் கொண்டு ஒரு பருவத்தையே நடத்துவதென்று அன்றைய கலை இயக்குநர் ஜோசி ரூர்க் முடிவு செய்தார். அந்தப் பருவத்துக்காக எழுதப்பட்டவற்றுள் ஒன்றுதான் ‘சீ வால்’.

இந்தத் தகவல் வெறும் பின்னணிச் செய்தி அன்று. மேடை விளக்கு இல்லையென்றால், நடிகரை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டுப் பார்வையாளரை இருட்டில் மறைக்க வழியில்லை. உணர்ச்சி கூடும் இடத்தில் ஒளியைக் குறைப்பதும், நினைவுக்குள் போகும்போது நீலத்தைக் கூட்டுவதும், இறுதியில் கறுப்புக்குள் தள்ளிவிடுவதும் கைவசம் இல்லை. அலெக்ஸ் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருக்கிறது. அவர்களும் தாங்கள் பார்க்கப்படுவதை உணர்ந்தபடியே கேட்க வேண்டியிருக்கிறது. ஓராள் நாடகத்தில் பேச்சைக் கேட்க எதிராளி என்று ஒருவர் இல்லாத குறையை இந்த ஏற்பாடு தீர்த்துவைக்கிறது. அரங்கில் இருப்பவர்களே அந்த எதிராளி ஆகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சாமுவேல் பெக்கெட்டின் ‘கிராப்ஸ் லாஸ்ட் டேப்’ நாடகத்தை நினைத்துக்கொள்ளலாம். 1958இல் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் அரங்கேறிய அதில், 69 வயதுக் கிழவர் ஒருவர், தம் 39ஆம் வயதில் பதிவு செய்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்கிறார். தாயின் மரணமும், கைவிட்ட காதலும் அந்த நாடாவில் இருக்கின்றன. அவர் பேசியதைக் கேட்பதற்கு அவரைத் தவிர ஆளில்லை. தனக்குத் தானே கேட்பவனாகிப்போன ஆணின் உச்ச உதாரணம் அது. ‘சீ வால்’ அந்த மரபிலிருந்துதான் வருகிறது, ஆனால் ஒலிநாடா இருந்த இடத்தில் முன்பின் அறியாத மனிதர்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

பேச்சு போகும் வழி

நாடகத்தின் உயிர் அது பேசப்படும் விதத்தில் இருக்கிறது. அலெக்ஸ் துக்கத்தில் தொடங்குவதில்லை. மகள் தங்களை எப்படி ஆட்டிப்படைத்தாள் என்று பெருமையாகச் சொல்கிறான். மாமனாரைப் பற்றி வேடிக்கையாகப் பேசுகிறான். தன் தொழிலைப் பற்றிச் சொல்கிறான். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அதிலிருந்து வழுவுகிறான். வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன, வேறொன்று தொடங்குகிறது, விட்டது திரும்ப வருகிறது. முதல் சில நிமிடங்களில் இதைக் கேட்பவர், பேச்சுத்திறமை உள்ள, கொஞ்சம் தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த, மனைவி மக்கள்மீது பாசமுள்ள ஒருவனைத்தான் சந்திக்கிறார்.

இந்த உற்சாகத்தை, வரப்போகும் அதிர்ச்சிக்காக வைத்த பொறி என்று சிலர் வாசிக்கிறார்கள். அது சரியான வாசிப்பாக எனக்குப் படவில்லை. அலெக்ஸ் எதையும் ஒளிக்கவில்லை. ஓரிடத்தில், தன் வயிற்றின் நடுவே ஒரு துளை இருக்கிறது என்றும், நீங்களெல்லாம் அதைக் கவனித்திருப்பீர்கள் என்றும் சொல்கிறான். லூசியின் மரணம் இன்னும் சொல்லப்படாத கட்டத்தில் வருகிறது இது. சொல்கிற தொனியோ, எதிரில் இருப்பவர்களின் சங்கடத்தைப் போக்க முயலும் ஒருவனின் தொனி. உங்களுக்குக் கேட்கத் தயக்கமாக இருக்கும், நானே சொல்லிவிடுகிறேன் என்ற பாவனையில், உடலைப் பிளக்கும் ஒரு செய்தி ஒரு மரியாதை வார்த்தையைப் போல வெளிவருகிறது. கேட்பவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத அந்தச் சில நொடிகள்தான், என் கணிப்பில், முழு நாடகத்தின் அச்சு. தன் வேதனையைவிடப் பிறரின் அசௌகரியத்தைப் பெரிதாக எண்ணிச் சமாளிக்கும் பழக்கம், பலமுள்ளவனாகவே இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட ஆண்கள் பலருக்கும் உண்டு. ஸ்டீபன்ஸ் அதை ஒரு வசனத்தால் விமர்சிக்கவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே பிடித்துக் காட்டுகிறார்.

துக்க ஆய்வில் இதற்குப் பொருத்தமான ஒரு சட்டகம் இருக்கிறது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் இரட்டைச் செயல்முறை மாதிரி என்ற ஒன்றை முன்வைத்தார்கள். இழப்பை நோக்கித் திரும்புவதும், இழப்பிலிருந்து விலகி அன்றாட வாழ்வைக் கட்டுவதும் என இரண்டு பக்கங்களுக்கிடையே துக்கத்தில் இருப்பவர் மாறி மாறிப் போய்வருகிறார் என்பதும், அப்படிப் போய்வருவதே சமாளிப்பின் இயல்பான வடிவம் என்பதும் அதன் சாரம். விலகிப் போவது ஏய்ப்பு ஆகாது. ஓய்வும் துக்கத்தின் ஒரு பகுதியே. அலெக்ஸின் பேச்சை இந்தச் சட்டகத்தில் வைத்துக் கேட்டால், வேடிக்கைக்கும் இழப்புக்கும் இடையே அவன் தாவுவது நாடகாசிரியரின் உத்தியாக மட்டும் தெரியாது. ஒரு மனிதன் தாங்க முடிந்த அளவுக்குக் கிட்டே போய், தாங்க முடியாதபோது விலகி, மறுபடி கிட்டே போவது மேடையில் நிகழ்நேரத்தில் நடக்கிறது. ‘துக்கத்தின் ஐந்து நிலைகள்’ (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) என்று பரவலாகச் சொல்லப்படும் படிக்கட்டு இங்கே எங்கும் இல்லை. அந்த ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969இல் எழுதியபோது, அவை மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து வந்தவை. இழந்தவர்கள் கடக்க வேண்டிய வரிசையாகப் பின்னாளில் அவை மாற்றிக்கொள்ளப்பட்டன. அந்த வரிசையை அப்படியே காட்சி வரிசையாக்கி, கோபத்தில் ஒரு நாற்காலியை உதைத்து, ஏற்பில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி முடிக்கும் ஓராள் நாடகங்கள் ஏராளம். அவற்றின் பக்கத்தில் வைத்தால்தான் ‘சீ வால்’ எவ்வளவு துணிவானது என்று தெரியும்.

இரண்டு ஆண்கள்

ஆண்மையைப் பற்றிய நாடகம் என்று இதைச் சொல்லும்போது பலரும் அலெக்ஸ் ஒருவனைத்தான் பார்க்கிறார்கள். மேடையில் இல்லாத ஆர்தரை விட்டுவிட்டால் பாதி நாடகம் கைவிட்டுப் போகும். மாமனாரும் மருமகனும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பிரியம் அன்பு என்ற சொல்லால் வெளிப்படுவதில்லை. ஒருவர் தமக்குத் தெரிந்த கடலை மற்றவனுக்குக் காட்டுகிறார். அவன் பயந்துகொண்டே உடன் போகிறான். கரைக்கு வந்தால் வாதம் தொடங்குகிறது. முகத்துக்கு முகம் உட்கார்ந்து மனத்தைத் திறப்பதைவிட, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு வேலையைச் சேர்ந்து செய்வதில் நெருங்கும் உறவு இது.

இதைக் குறையாகப் பார்க்கும் போக்கு நெடுங்காலம் இருந்தது. டெர்ரி மார்ட்டின், கென்னத் டோக்கா இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உணர்ச்சியைப் பகிர்ந்து துக்கப்படுவது ஒரு வழி என்றால், சிந்தித்தும் செயல்பட்டும் துக்கப்படுவது இன்னொரு வழி என்றும், இவை பாலினத்தோடு தொடர்புடையவையே தவிரப் பாலினத்தால் தீர்மானிக்கப்படுபவை அல்ல என்றும் வாதிட்டார்கள். அழாதவன் துக்கப்படாதவன் என்ற தீர்ப்பை அது தளர்த்தியது. நாடகம் இதையும் தாண்டிப் போகிறது. லூசியின் மரணத்துக்குப் பிறகு, செயலால் கட்டப்பட்ட அந்த உறவுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. சேர்ந்து நீந்திய கடல்தான் அலெக்ஸ் அந்த விழுதலைப் பார்க்க நேர்ந்த இடமும். வாதம் செய்து விளையாடிய கடவுள்தான் இப்போது பதில் சொல்ல வேண்டியவராக ஆகிறார். இரண்டு ஆண்களுக்கும் இடையே இருந்த மொழி அதன் உள்ளிருந்தே உடைகிறது. மௌனம் ஆணைக் கெடுக்கிறது என்ற பொதுவான பாடத்தைவிட இது எவ்வளவோ நுணுக்கமானது, கடுமையானதும்கூட.

ஹெலனுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை நாடகத்தின் குறையாகக் கருதுகிறேன். ஒரு தாயின் துக்கம் தந்தையின் கதைக்குள் ஒரு விவரமாகவே தங்கிவிடுகிறது. ஓராள் நாடகம் ஒருவனின் கண் வழியேதான் பார்க்கும் என்பது விளக்கம் ஆகலாம். ஆயினும் ஆண்மையைப் பற்றி அக்கறையோடு பேசும் படைப்புகளில், பெண்களின் துயரம் ஆணின் மாற்றத்துக்கு வாய்ப்பாக மட்டும் பயன்படுவது அடிக்கடி நேர்கிறது என்பதையும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

பேசினால் ஆறுமா

தொடக்கத்தில் சொன்ன வாக்குறுதிக்கு வருவோம். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பதற்கு ஆய்வு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு. மன உளைச்சல் தந்த அனுபவங்களைத் தொடர்ந்து சில நாட்கள் எழுதிய மாணவர்கள் பிற்பாடு மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது என்று அது கண்டது. ஆனால் அது பொதுவான உளைச்சல் அனுபவங்களைப் பற்றியது. நெருங்கியவரை இழந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்ட்ரோப்பும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, உணர்ச்சிகளை வெளியிடுவது துக்கத்திலிருந்து மீள்வதை விரைவுபடுத்துகிறது என்பதற்குச் சான்று காணவில்லை. அதற்கும் முன்பே, 1989இல், கமில் வோர்ட்மனும் ராக்சேன் சில்வரும், இழந்தவர்கள் கட்டாயம் உடைந்தழுதே தீர வேண்டும் என்பது போன்ற நம்பிக்கைகளுக்குப் போதிய ஆதாரமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

இதற்கு, பேசுவது வீண் என்று பொருளில்லை. துக்கம் தன் போக்கில் தணியாமல் ஆண்டுகணக்கில் ஒருவரை முடக்கிப்போடும் நிலையை மருத்துவ உலகம் இன்று தனியே அடையாளம் காண்கிறது. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில் குறைந்தது ஆறு மாதங்களும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட மனநோய் கண்டறியும் கையேட்டின் திருத்தப் பதிப்பில் பெரியவர்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதங்களும் அதற்கான வரம்பாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அத்தகையவர்களுக்குத் தேவைப்படுவது பயிற்சி பெற்றவரின் சிகிச்சை. அரை மணி நேர நாடகம் அதற்கு ஈடாகாது. நாடகத்தால் செய்ய முடிவது வேறு. துக்கத்தோடு இருக்கும் ஓர் ஆணைத் திருத்தாமல், தேற்றாமல், நடுவில் புகுந்து அறிவுரை சொல்லாமல், அரை மணி நேரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் அனுபவத்தைப் பார்வையாளருக்கு அது தருகிறது. அரங்கின் ஒழுங்கே கேட்பவரை வாய்மூடி உட்கார வைக்கிறது. பலருக்கு வாழ்க்கையில் இப்படி ஒருவரைக் கேட்ட அனுபவம் இருந்ததே இல்லை. அலெக்ஸோ ஆறுதல் அடைந்துவிட்டதாகச் சொல்லாமல், இன்னும் அறியாத ஒன்று என்றாவது அறியப்படலாம் என்ற மெல்லிய எதிர்பார்ப்போடு நிறுத்திக்கொள்கிறான்.

பின்னால் வந்த மேடையேற்றங்கள்

ஸ்காட் இந்தப் பாத்திரத்தை ஒரு முறை நடித்துவிட்டு விட்டுவிடவில்லை. 2009இல் எடின்பரோவில் நடித்தார்; 2018இல் லண்டன் ஓல்ட் விக்கில் மறுபடி நடித்தார். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த நடிகர் நாற்பதைக் கடந்து அதே சொற்களைச் சொல்லும்போது, அலெக்ஸுக்கும் வயது கூடிவிடுகிறது, லூசிக்குக் கூடுவதில்லை. புஷ் தியேட்டரின் சிறு அறைக்காக எழுதப்பட்டது ஆயிரம் பேர் அமரும் அரங்கில் எடுபட்டது என்பது வசனத்தின் வலிமைக்குச் சான்றுதான். முகத்துக்கு முகம் என்ற ஏற்பாடு அங்கே நடிகரின் கற்பனையால் மட்டுமே நிலைநிறுத்தப்பட வேண்டியதாயிற்று.

2019இல் நியூயார்க்கில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. பப்ளிக் தியேட்டரிலும், அதன் பிறகு பிராட்வேயின் ஹட்சன் தியேட்டரிலும், கேரி கிராக்னெல் இயக்கத்தில் ‘சீ வால்’ டாம் ஸ்டரிட்ஜ் நடிக்க முதல் பாதியாகவும், நிக் பெய்ன் எழுதிய ‘எ லைஃப்’ ஜேக் ஜில்லென்ஹால் நடிக்க இரண்டாம் பாதியாகவும் ஒரே மாலையில் காட்டப்பட்டன. இரண்டாவது நாடகத்தில் ஒருவன் தன் தந்தையின் சாவையும் மகளின் பிறப்பையும் பின்னிப் பின்னிச் சொல்கிறான். இந்த இணைப்பு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குச் சிறந்த நாடகம் என்ற பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. இரு நடிகர்களும் பரிந்துரைக்கப்பட்டார்கள். வெற்றியைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் குழந்தையை இழந்தவனுக்குப் பிறகு குழந்தை பெற்றவனைக் கொண்டுவந்து நிறுத்துவது, முதல் நாடகம் கவனமாக மறுத்த ஆறுதலை நிகழ்ச்சி நிரலின் வழியாக உள்ளே விட்டுவிடுகிறது. இழப்பில் தொடங்கிப் பிறப்பில் முடியும் மாலை என்ற வடிவம், எந்த நாடகாசிரியரும் எழுதாத ஒரு மூன்றாவது கதையைச் சொல்கிறது. பார்வையாளர்கள் இலேசான மனத்தோடு வீடு திரும்ப அது உதவியிருக்கும்.

ஆறுதலைத் தரவே விரும்பும் ஓராள் நாடகம் எப்படி நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு, பெரினே இயக்கிய இன்னொரு நாடகம் நல்ல எடுத்துக்காட்டு. 2013இல் அரங்கேறிய, டங்கன் மேக்மில்லன் ஜானி டோனஹோவுடன் உருவாக்கிய ‘எவ்ரி பிரில்லியன்ட் திங்’ நாடகத்தில், தற்கொலைக்கு முயன்ற தாய்க்காக ஏழு வயதுச் சிறுவன் வாழத் தகுந்த காரணங்களைப் பட்டியலிடத் தொடங்குகிறான். அரங்க விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க, பார்வையாளர்கள் கையில் கொடுக்கப்பட்ட துண்டுச் சீட்டுகளை உரக்கப் படிக்கிறார்கள். சிலர் தந்தையாகவும் ஆசிரியராகவும் சில நிமிடங்கள் நடிக்கிறார்கள். பட்டியல் தாயைக் காப்பாற்றிவிடுவதில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் ஒருவனுடைய கதையைத் தூக்கிப்பிடிக்க உதவுவது அங்கே சொல்லாக நிற்காமல் செயலாகவே நடக்கிறது. தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் உலக அளவில் பெண்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்ற நிலையில், சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்கு எடை உண்டு.

மேடையேற்ற நினைப்பவர்களுக்கு

இந்த வகை நாடகத்தை எடுத்துச் செய்யும் குழுக்கள் பொதுவாகச் சறுக்குவது பின்னணி இசையில். சோகத்தை வயலின் அறிவித்துவிட்டால், வேடிக்கைப் பேச்சுக்குக் காது கொடுக்க ஆள் இருக்காது. கண்ணீரும் அப்படியே: நடிகர் முந்திக்கொண்டு அழுதுவிட்டால் பார்வையாளருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகும். கிளைக்கதைகளை நீளம் கருதி வெட்டும் இயக்குநர்களும் இருக்கிறார்கள். வெட்டப்படுவது துக்கத்தின் ஓய்வுப் பக்கம் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

பார்க்க வருபவர்களில் குழந்தையை இழந்தவர்கள் இருக்கக்கூடும். குழந்தையின் மரணம் இடம்பெறுகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பது முடிச்சைக் கெடுத்துவிடும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. கதை தெரிந்த பிறகு பார்க்கும்போதும் நாடகம் தன் பலத்தை இழப்பதில்லை என்பதே இத்தனை மறுமேடையேற்றங்கள் காட்டுவது. முடிந்தவுடன் ஒலிவாங்கியை நீட்டி, உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள் என்று கேட்கும் பழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் பொது இடத்தில் உடனே பேசச் சொல்வது, பேசாமல் துக்கப்படுபவரை இன்னொரு முறை குறையுள்ளவராக ஆக்குகிறது. விருப்பமுள்ளவர்கள் தனியே நெருங்கிப் பேச ஓர் ஆலோசகர் அரங்கின் வெளிக்கூடத்தில் இருப்பது போதும். நடிகரையும் மறக்கக் கூடாது. இரவுதோறும் மகளின் மரணத்தைச் சொல்பவர், பாத்திரத்திலிருந்து வெளியே வர நேரமும் துணையும் கேட்பது செல்லம் கொஞ்சுவதாகாது. அது அவருடைய வேலை நிலைமை சார்ந்த உரிமை.

பதிவைப் பற்றி ஒரு குறிப்பு. ஸ்காட் நடிப்பில் ‘சீ வால்’ அசையாத ஒரு கேமராவின் முன் ஒரே தொடர்ச்சியான எடுப்பாகப் படமாக்கப்பட்டது. ஒளி மாற்றமோ வெட்டோ இல்லாததால் மூலத்தின் ஒழுங்கு அதில் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டிருக்கிறது. இழப்பிடம் ஒரேயடியாக நெருங்க முடியாதவர்களுக்கு, நடுவில் நிறுத்திவிட்டு எழுந்துபோகும் வசதி திரையில் உண்டு. அது அலெக்ஸே கையாளும் முறைதான். பதிவில் நாம் இழப்பது, அவன் நம்மைப் பார்க்கும்போது நாம் அங்கே இருந்தாக வேண்டிய கட்டாயத்தை. ஆகவே பயிலரங்குகளில் இந்தப் பதிவைப் பயன்படுத்துபவர்கள் ஆளுக்கொரு திரையில் பார்த்துவரச் சொல்வதைவிட, ஓர் அறையில், விளக்குகளை எரியவிட்டு, எல்லோரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்வது நல்லது.